அல்சருக்கு கேஸ் மாத்திரை மட்டும் போதாதா? ஆன்டிபயாடிக் எதுக்கு?

மழைக்காகம்:
எல்லாருக்கும் வணக்கம். நடுராத்திரி வயிறு காந்தி முழிப்பு வந்துடும், ஏதாவது சாப்பிட்டா அடங்கும், திரும்ப மூணு மணி நேரத்துல ஆரம்பிச்சிடும், இப்படியே ரொம்ப நாளா ஓடிட்டு இருந்துச்சு. இப்ப எண்டோஸ்கோபி பண்ணிப் பாத்துட்டு டியோடினத்துல (வயித்தை ஒட்டின சிறுகுடல் ஆரம்பம்) அல்சர், ஹெச் பைலோரிங்கிற கிருமி பாசிட்டிவ்னு ரிப்போர்ட் குடுத்திருக்காங்க. 14 நாளைக்கு கை நிறைய மாத்திரை, அதுல ரெண்டு ஆன்டிபயாடிக். நான் காரம் அதிகம் சாப்பிடுற ஆள் இல்ல, வேளாவேளைக்கு சாப்பிட்டுடுவேன், பெரிய டென்ஷனும் கிடையாது. அப்புறம் எப்படி புண்ணு வந்துச்சுன்னு புரியல. வயித்துப்புண்ணுக்கு ஆன்டிபயாடிக் எதுக்கு, அதுவும் ஒரே நேரத்துல ரெண்டு? கேஸ் மாத்திரை மட்டும் போட்டா ஆறாதா? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

ராப்பாடி:
எனக்கும் இதே கதை தான் ப்ரோ. நான் வருஷக்கணக்கா கேஸ் மாத்திரை தான் ஓட்டிட்டு இருக்கேன். போட்டா போயிடும், விட்டா வந்துடும். ஆன்டிபயாடிக்லாம் யாரும் எனக்கு எழுதல.

மாத்திரைஅட்டை:
மருந்தாளுநரா வேலை பாக்குறேன், அதனால தெரிஞ்ச வரைக்கும் விவரமா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல காரம், டென்ஷன், நேரத்துக்கு சாப்பிடாதது இதெல்லாம் தான் அல்சருக்கு காரணம்னு நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லி பதிஞ்சு போச்சு. ஏற்கனவே புண்ணு இருக்கிற வயித்துல காரம் பட்டா எரியும், அது உண்மை. ஆனா புண்ணை உண்டாக்குறது பெரும்பாலும் ரெண்டே ரெண்டு விஷயம் தான். ஒண்ணு ஹெச் பைலோரி கிருமி, இன்னொண்ணு வலி மாத்திரை. மத்த காரணம்லாம் அபூர்வம், ஐசியூல இருக்கிறவங்க, பெரிய தீக்காயம் பட்டவங்க, கேஸ்ட்ரின் ஹார்மோனை கண்டபடி சுரக்கிற கட்டி இருக்கிறவங்க, அந்த மாதிரி.

வயித்துல சுரக்கிற ஆசிட் சாதாரண ஆசிட் இல்லைங்க. பி ஹெச் அளவு 1லேருந்து 2 வரைக்கும் இறங்கும், ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கூடவே புரதத்தை அறுக்கிற பெப்சின். நம்ம வயித்துச் சுவரும் புரதம் தானே, அது ஏன் செரிச்சுப் போகலைன்னா அதுக்கு மேல பாதுகாப்பு இருக்கு. கோழை மாதிரி ஒரு மியூக்கஸ் படலம், அதுக்குள்ளேயே ஆசிட்டை முறிக்கிற பைகார்பனேட், அடியில நல்ல ரத்த ஓட்டம், சில நாளுக்கு ஒரு தடவை புதுசா முளைக்கிற செல்கள். இதையெல்லாம் நடத்துறதுல ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருளுக்கு பெரிய பங்கு. இந்தக் காவல் தளர்ந்து போற இடத்துல தான் ஆசிட் உள்ள இறங்கி அரிக்குது. மேலாக சிவந்து வீங்கியிருந்தா அது கேஸ்ட்ரைடிஸ். உள்சவ்வையும் அதுக்கு அடியில இருக்கிற மெல்லிசான தசைப் படலத்தையும் தாண்டி பள்ளமா இறங்கிட்டா தான் அல்சர்.

இப்ப உங்க கிருமி கதைக்கு வர்றேன். ஹெச் பைலோரி சுருள் வடிவத்துல இருக்கும், வால் மாதிரி இழைகளை ஆட்டி மியூக்கஸ்குள்ள துளைச்சுட்டு போயிடும். அதுகிட்ட யூரியேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அதை வச்சு யூரியாவை அம்மோனியாவா மாத்தி தன்னைச் சுத்தி ஆசிட்டை முறிச்சுக்கும். அதனால தான் வேற கிருமி பிழைக்க முடியாத இடத்துல இது வருஷக்கணக்கா குடியிருக்கு. வயித்தோட கீழ்ப்பகுதியில அழற்சி உண்டாக்கி கேஸ்ட்ரினை ஏத்தி விடும், கேஸ்ட்ரின் ஏறினா ஆசிட் ஏறும், அந்த ஆசிட் டியோடினத்துல போய் விழும், அங்க புண்ணு. உங்களுக்கு நடந்தது இது தான். வெறும் வயித்துல காந்துறது, ராத்திரி முழிப்பு வர்றது, சாப்பிட்டா அடங்குறது, இதெல்லாம் டியோடினத்துப் புண்ணுல அடிக்கடி பாக்குறது. வயித்துக்குள்ளேயே புண்ணு இருந்தா சிலருக்கு சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வலி கூடும். ஆனா இதை வச்சு மட்டும் எது எங்கன்னு சொல்லிட முடியாது.

கேஸ் மாத்திரை மட்டும் போட்டா ஆறாதான்னு கேட்டீங்க. ஆறும். அது தான் ஆபத்தே. வலி போயிடும், புண்ணும் மூடிடும், கிருமி அப்படியே உள்ள இருக்கும், மாத்திரையை விட்டதும் திரும்ப வரும். ராப்பாடி சொல்றாரே போட்டா போகுது விட்டா வருதுன்னு, அதுக்கு கிருமி ஒரு காரணமா இருக்கலாம். ராப்பாடி, நீங்க ஒரு தடவை கிருமிக்கு டெஸ்ட் பண்ணுங்க, தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.

கல்மரம்:
ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. உலகத்துல பாதிப் பேருக்கு பக்கத்துல இந்தக் கிருமி இருக்குன்னு படிச்சிருக்கேன். அவங்க எல்லாருக்கும் அல்சர் வரலையே? ரெண்டு ஆன்டிபயாடிக்கை 14 நாள் போட்டா குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழியும், பேதி ஆகும். கூட இருந்துட்டு போகட்டும்னு விட்டா என்ன?

மாத்திரைஅட்டை:
நல்ல கேள்விங்க. கிருமி இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகுறதில்ல, சிலருக்கு தான் புண்ணு வருது. கிருமியோட வகை (காக் ஏ ங்கிற புரதம் இருக்கிற வகை மோசம்), அந்த ஆளோட உடம்பு, புகை பிடிக்கிறது, எல்லாம் சேர்ந்து தீர்மானிக்குது. ஆனா மழைக்காகத்துக்கு புண்ணு ஏற்கனவே வந்தாச்சு. அவர் அந்தச் சிலர்ல ஒருத்தர்னு தெரிஞ்சு போச்சு, அப்புறம் விட்டு வைக்க நியாயமே இல்ல.

இன்னொண்ணு, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1994லேயே இந்தக் கிருமியை முதல் வகுப்பு புற்றுநோய்க் காரணிகள் பட்டியல்ல சேர்த்துடுச்சு. பயமுறுத்த சொல்லல, வயித்துல கேன்சர் வர்றவங்க கொஞ்சம் பேர் தான், ஆனா அழிக்க முடிஞ்ச ஒரு காரணத்தை உள்ள வச்சுக்கிட்டு ஏன் இருக்கணும்?

பேதி ஆகுறது உண்மை தான். பலருக்கு அந்த ரெண்டு வாரம் வயிறு சரியா இருக்காது, முடிச்சதும் சரியாகிடும். நிக்காம போனா மட்டும் டாக்டரைப் பாக்கணும்.

சுடர்விழி:
இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்ச வரலாறு எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால இதை எழுதாம போக மனசு வரல.

1910ல கார்ல் ஷ்வார்ட்ஸ்னு ஒருத்தர் ஆசிட் இல்லைன்னா அல்சர் இல்லைன்னு சொன்னார். அதுலேருந்து பல பத்து வருஷம் எல்லாரும் ஆசிட்டையே தான் பாத்துட்டு இருந்தாங்க. மணிக்கு ஒரு தடவை பாலும் க்ரீமும் குடுக்கிறது ஒரு காலத்துல பெரிய வைத்தியம். அதுல ஆறலைன்னா ஆபரேஷன், வயித்துக்குப் போற வேகஸ் நரம்பை வெட்டி விடுவாங்க, இல்ல வயித்துல ஒரு பகுதியையே எடுத்துடுவாங்க. எத்தனை பேரு வயித்தைப் பாதி இழந்துட்டு வாழ்ந்திருப்பாங்க, நினைச்சா மனசு கனக்குது.

ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல ராபின் வாரன்னு ஒரு பேதாலஜிஸ்ட், வயித்துலேருந்து எடுத்த சதைத் துணுக்குகள்ல சுருள் கிருமி இருக்கிறதை திரும்பத் திரும்பப் பாக்குறார். வயித்து ஆசிட்ல கிருமி வாழாதுன்னு எல்லாரும் நம்பின காலம் அது. பேரி மார்ஷல்னு ஒரு இளம் டாக்டர் அவர் கூட சேர்றார். கிருமியை வளர்த்துப் பாக்கலாம்னா வளரவே மாட்டேங்குது. ரெண்டு நாள்ல ஒண்ணும் தெரியலைன்னா தட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க. 1982 ஈஸ்டர் லீவுல யாரும் கவனிக்காம அந்தத் தட்டு நாலஞ்சு நாள் அப்படியே கிடந்துச்சு, வந்து பாத்தா கிருமி வளர்ந்திருக்கு! மெதுவா வளர்ற கிருமி, அதுக்குத் தேவையானது நேரம் மட்டும் தான்.

அப்பவும் யாரும் நம்பல. 1984ல மார்ஷல் தானே அந்தக் கிருமியை வளர்த்த கரைசலைக் குடிச்சுட்டார். சில நாள்ல வாந்தி, வாய் நாத்தம், எண்டோஸ்கோபில பாத்தா வயிறு பூரா அழற்சி. அவருக்கு வந்தது கேஸ்ட்ரைடிஸ், அல்சர் இல்ல, பல இடத்துல இதை மாத்தி எழுதுறாங்க. ஆனாலும் நல்லா இருந்த வயித்துல இந்தக் கிருமி நோயை உண்டாக்கும்னு அதுல நிரூபணம் ஆச்சு. 2005ல ரெண்டு பேருக்கும் மருத்துவ நோபல் பரிசு. இன்னைக்கு நீங்க 14 நாள் மாத்திரையோட தப்பிக்கிறீங்கன்னா அதுக்கு இந்த ரெண்டு பேர் தான் காரணம் மழைக்காகம்.

வடதிசை:
எங்கம்மாவுக்கு ஹெச் பைலோரி டெஸ்ட் நெகட்டிவ், ஆனா வயித்துல அல்சர் இருக்குன்னாங்க. முட்டி வலிக்கு தினமும் டைக்ளோஃபெனாக் போடுவாங்க. அதனால வந்திருக்கும்னு டாக்டர் சொல்றார். மாத்திரை வயித்துல பட்டு தானே புண்ணாகுது, அப்ப ஊசியா போட்டுக்கலாம், இல்ல குடல்ல போய் கரையுற மாத்திரை வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன், சரியா?

மாத்திரைஅட்டை:
சரி இல்லைங்க, இந்தத் தப்பை நிறைய பேர் பண்றாங்க, அதனால கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்.

மேல ப்ராஸ்டாகிளாண்டின்னு சொன்னேன்ல. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குறதும் அதே குடும்பத்துப் பொருள் தான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நேப்ராக்ஸன், ஆஸ்பிரின் எல்லாம் ப்ராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்தி தான் வலியைக் குறைக்குது. ஜான் வேன்ங்கிற விஞ்ஞானி 1971ல இதைக் காட்டினார், 1982ல நோபல் வாங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர். காக்ஸ் 1, காக்ஸ் 2ன்னு ரெண்டு என்சைம். வீக்கத்துக்கு பெரும்பாலும் ரெண்டாவது, வயித்துச் சுவரைக் காக்குறது முக்கியமா முதலாவது. சாதாரண வலி மாத்திரை ரெண்டையும் சேர்த்து முடக்கிடும். மருந்து ரத்தத்துல கலந்து போய் வயித்தோட பாதுகாப்பைக் குறைக்குது, அதனால ஊசியா போட்டாலும், குடல்ல கரையுற மேல்பூச்சு மாத்திரையா போட்டாலும், ஆசனவாய் வழியா வச்சாலும் அல்சர் வரத்தான் செய்யும். நேரடியா படுறதால வர்ற எரிச்சல் கொஞ்சம் குறையலாம், அவ்வளவு தான். 

அம்மாவுக்கு முதல்ல அந்த மாத்திரையை நிறுத்த முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பாரசிட்டமால் அளவோட போட்டா வயித்துக்கு அது பரவாயில்லை. முட்டியில தடவுற டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்துல ரொம்பக் கொஞ்சமா தான் சேரும், அதையும் கேட்டுப் பாருங்க. வலி மாத்திரை போட்டே ஆகணும்ங்கிற நிலைமைன்னா கூடவே கேஸ் மாத்திரையும் தொடர்ந்து எழுதுவாங்க. காக்ஸ் 2ஐ மட்டும் முடக்குற செலிகாக்சிப் மாதிரி மருந்து வயித்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு, ஆனா இதயப் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு யோசிச்சுத்தான் குடுக்கணும். அம்மா ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ ஸ்டீராய்டோ சேர்த்து எடுக்குறாங்களா? எடுத்தா ஆபத்து பல மடங்கு.

வடதிசை:
ஸ்டென்ட் வச்சதால ஆஸ்பிரின் தினமும் உண்டு அண்ணா. அப்ப அதையும் நிறுத்திடவா?

மாத்திரைஅட்டை:
ஐயோ வேண்டாம்! நீங்களா நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட்ல ரத்தம் கட்டிட்டா உயிருக்கே ஆபத்து. இதய டாக்டர், வயித்து டாக்டர் ரெண்டு பேருக்கும் இந்த விஷயம் தெரியணும். ஆஸ்பிரினோட ரத்தம் கட்டாம இருக்கப் போடுற க்ளோபிடோக்ரல் இருந்தா அதையும் சொல்லுங்க, ஏன்னா கேஸ் மாத்திரைகள்ல ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் க்ளோபிடோக்ரலோட வேலையைக் குறைக்கும், அந்த மாதிரி ஆளுங்களுக்கு பேன்டோப்ரசோல் மாதிரி வேற ஒண்ணு எழுதுவாங்க.

நைட்ட்யூட்டி:
எண்டோஸ்கோபி பிரிவுல நர்ஸா இருக்கேன். வடதிசை தம்பி, உங்கம்மா மாதிரி வயசானவங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும். வலி மாத்திரையால வர்ற அல்சர்ல பலருக்கு வலியே இருக்காது. நேரா ரத்த வாந்தியோட தான் வந்து நிப்பாங்க. வயிறு ஒண்ணும் பண்ணல, நல்லா தான் இருந்தாங்கன்னு வீட்டு ஆளுங்க சொல்லி அழும்போது ரொம்பக் கஷ்டமா இருக்கும். அதனால வலி இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க. மோஷன் தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, ஒரு மாதிரி நாத்தத்தோட போகுதா, காப்பித்தூள் மாதிரி வாந்தி வருதா, எழுந்து நின்னா தலை சுத்துதா, முகம் வெளிறிக் கிடக்கா, இதெல்லாம் பாருங்க. ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. திடீர்னு கத்தி சொருகுன மாதிரி வலி வந்து வயிறு பலகை மாதிரி இறுகிடுச்சுன்னா புண்ணு ஓட்டை விழுந்துடுச்சுன்னு அர்த்தம், ஒரு நிமிஷம் கூட வீட்டுல வச்சுப் பாக்காதீங்க, ஆபரேஷன் தேவைப்படும்.

ராப்பாடி:
படிக்கப் படிக்க பயமா இருக்கு. டெஸ்ட்டுக்கு போறேன் கண்டிப்பா. ஆனா மாத்திரையை நடுவுல நிறுத்திப் பாத்தப்ப முன்னாடி இருந்ததை விட அதிகமா எரிஞ்சுச்சே, அது ஏன்? இந்த மாத்திரை உள்ள போய் என்ன தான் பண்ணுது?

மாத்திரைஅட்டை:
ஆசிட் சுரக்கிற செல்லுக்கு சுரன்னு சொல்ல மூணு பேர் இருக்காங்க, கேஸ்ட்ரின், அசிட்டைல்கோலின், ஹிஸ்டமின். ஜேம்ஸ் பிளாக் ஹிஸ்டமின் வழியை அடைக்கிற சிமெடிடினை உருவாக்கினார், 1976ல வந்துச்சு, அல்சர் ஆபரேஷன் குறைய ஆரம்பிச்சது அதுக்கப்புறம் தான். அவருக்கும் 1988ல நோபல் கிடைச்சுது. அதே குடும்பம் தான் ரானிடிடின், ஃபேமோடிடின். ரானிடிடின்ல என்டிஎம்ஏன்னு புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கலப்பு உருவாகுதுன்னு 2020ல அமெரிக்காவுல சந்தையை விட்டே எடுக்கச் சொன்னாங்க.

ஆனா மூணு பேர் சொன்னாலும் கடைசில ஆசிட்டை வெளிய தள்ளுறது புரோட்டான் பம்ப் தான். ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல், ரபிப்ரசோல் எல்லாம் அந்தப் பம்ப்போட போய் ஒட்டிக்கிட்டு அதை நிரந்தரமா முடக்கிடும், செல் புதுப் பம்ப் செஞ்சா தான் திரும்ப ஆசிட். முதல்ல வந்தது ஒமிப்ரசோல், 1988ல. இதுல முக்கியமான சூட்சுமம் என்னன்னா ஓடிட்டு இருக்கிற பம்ப்பைத் தான் அது முடக்கும். வெறும் வயித்துல பெரும்பாலான பம்ப் தூங்கிட்டு இருக்கும், சாப்பிடும்போது தான் முழிக்கும். அதனால தான் சாப்பாட்டுக்கு அரை மணிலேருந்து ஒரு மணி நேரம் முன்னாடி போடச் சொல்றது. சாப்பிட்டு முடிச்சு, எரிஞ்சா மட்டும் போட்டுட்டு கேக்கலைங்கிறவங்க தான் நிறைய. முழுப் பலன் தெரிய மூணு நாலு நாள் ஆகும். மெல்லவோ பொடிக்கவோ கூடாது, ஆசிட் பட்டு மருந்து வீணாயிடும்.

நீங்க கேட்ட எரிச்சல் இதோட எதிர்விளைவு. பல மாசம் ஆசிட்டை அடக்கி வச்சா உடம்பு கேஸ்ட்ரினை ஏத்திக்கிட்டே போகும், திடீர்னு மாத்திரையை விட்டதும் எல்லாம் சேர்ந்து சுரக்கும். நோய் திரும்பிடுச்சுன்னு பயந்து மறுபடி மாத்திரைக்கே போயிடுவாங்க. டாக்டர் மேற்பார்வையில அளவைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தணும். வருஷக்கணக்குல போடுறவங்களுக்கு பி12, மெக்னீசியம் குறையலாம், அதையும் பாத்துக்கோங்க. ஆனா ஆஸ்பிரின் போடுற வயசானவங்க மாதிரி தேவை இருக்கிறவங்க பயந்துக்கிட்டு நிறுத்திடாதீங்க, அவங்களுக்கு அது தான் கவசம்.

மழைக்காகம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல. மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூட ரபிப்ரசோல். வாய் பூரா இரும்பை நக்கின மாதிரி ருசி. அதை விட, மோஷன் கருப்பா போகுது. நைட்ட்யூட்டி அக்கா சொன்னதைப் படிச்சுட்டு தூக்கமே வரல.

நைட்ட்யூட்டி:
அது பிஸ்மத்தால தம்பி. பிஸ்மத் போட்டா மோஷன் கருக்கும், நாக்கு கூட கருக்கும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இப்படித்தான். வித்தியாசம் என்னன்னா, மருந்தால கருத்தா மோஷன் எப்பவும் போல கெட்டியா இருக்கும், ரத்தம்னா பிசுபிசுன்னு ஒட்டும், நாத்தம் தாங்காது, உடம்பும் தளரும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் ஃபோன் பண்ணிக் கேளுங்க, தயங்காதீங்க.

இரும்பு ருசி மெட்ரோனிடசோலால. கோர்ஸ் முடியுற வரைக்கும், முடிஞ்சு மூணு நாள் வரைக்கும் மதுவைத் தொடக்கூடாது. டெட்ராசைக்ளினை பாலோட போடாதீங்க, நிறையத் தண்ணியோட போட்டுட்டு உடனே படுக்காதீங்க, உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டா அங்க புண்ணாகும்.

கல்மரம்:
என் நண்பனுக்கு கிளாரித்ரோமைசினும் அமாக்சிசிலினும் குடுத்தாங்க, இவருக்கு வேற குடுத்திருக்காங்க. எது சரி?

மாத்திரைஅட்டை:
ரெண்டும் நடைமுறையில இருக்கிறது தான். கிளாரித்ரோமைசின் முறை பல காலமா முதல் தேர்வா இருந்துச்சு. இப்ப நிறைய இடத்துல கிருமி அதுக்கு அசையுறதில்ல, ஒரு காரணம் சளி இருமல்னு எதுக்கெடுத்தாலும் அந்தக் குடும்பத்து மருந்தை அள்ளிப் போட்டது. அதனால பிஸ்மத் சேர்ந்த நாலு மருந்து முறைக்கு மாறிட்டு வர்றாங்க. பெனிசிலின் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு அமாக்சிசிலின் ஆகவே ஆகாது, முன்னாடியே சொல்லிடணும். கொலஸ்ட்ரால் மாத்திரை போடுறவங்க கிளாரித்ரோமைசின் எழுதினா அதையும் சொல்லணும், ரெண்டும் சேர்ந்தா தசை பாதிக்கப்படலாம். பம்ப்பை வேற விதமா அடைக்கிற வோனோப்ரசான்னு புது மருந்து ஜப்பான்ல முதல்ல வந்துச்சு, அதுவும் ஆன்டிபயாடிக்கோட சேர்த்துக் குடுக்குறாங்க.

எதுவா இருந்தாலும் ஆறாவது நாள் வலி போயிடுச்சுன்னு விட்டுட்டா போச்சு. மிச்சம் இருக்கிற கிருமி அந்த மருந்துக்குப் பழகிடும், அடுத்த தடவை மருந்து தேடுறது கஷ்டம்.

மழைக்காகம், இதைக் குறிச்சு வச்சுக்கோங்க. கோர்ஸ் முடிச்சு குறைஞ்சது நாலு வாரம் கழிச்சு கிருமி போயிடுச்சான்னு டெஸ்ட் பண்ணணும். மூச்சு டெஸ்ட் இல்லைன்னா மோஷன் ஆன்டிஜென் டெஸ்ட். மூச்சு டெஸ்ட்ல கார்பன் 13 சேர்த்த யூரியாவைக் குடிக்கச் சொல்வாங்க, கிருமி இருந்தா யூரியேஸ் அதை உடைக்கும், அந்தக் கார்பன் மூச்சுல கார்பன் டை ஆக்சைடா வெளிய வரும். டெஸ்ட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கேஸ் மாத்திரையை நிறுத்தணும், இல்லைன்னா கிருமி இருந்தும் இல்லைன்னு காட்டும். ரத்த டெஸ்ட் பண்ணச் சொன்னா வேண்டாம்னுடுங்க, கிருமி செத்து பல மாசம் ஆனாலும் பாசிட்டிவ் காட்டும்.

வடதிசை:
அம்மாவுக்கு டைக்ளோஃபெனாக் நிறுத்தியாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப எண்டோஸ்கோபின்னு சொல்லியிருக்காங்க. மழைக்காகத்துக்கு அப்படி எதுவும் சொல்லலையே? எங்கம்மாவுக்கு மட்டும் ஏன்? மனசு படபடன்னு இருக்கு.

நைட்ட்யூட்டி:
பயப்படாதீங்க தம்பி, பல பேருக்கு அப்படித்தான் செய்வோம். டியோடினத்துப் புண்ணு கேன்சரா இருக்கிறது ரொம்ப அபூர்வம், அதனால வலி போய் கிருமியும் போனா பெரும்பாலும் திரும்பப் பாக்குறதில்ல. வயித்துல இருக்கிற புண்ணு சில சமயம் கேன்சரா இருந்தும் சாதாரண அல்சர் மாதிரியே தெரியும். அதனால ஓரத்துலேருந்து சதை எடுத்து அனுப்புவாங்க, எட்டு வாரம் போல கழிச்சு முழுசா ஆறிடுச்சான்னு கண்ணால பாத்து உறுதி பண்ணுவாங்க. முதல் பயாப்ஸி ரிப்போர்ட் நல்லா வந்திருந்தாலும் அந்த ரெண்டாவது ஸ்கோப்பை விட்டுடாதீங்க.

வடதிசை:
பயாப்ஸி நார்மல்னு வந்துடுச்சு அக்கா, நன்றி. கடைசியா ஒண்ணு, சுக்ரால்ஃபேட் சிரப் எழுதியிருக்காங்க, அம்மா காலையில வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை போடுவாங்க, ரெண்டையும் சேர்த்துக் குடுக்கலாமா?

மாத்திரைஅட்டை:
சேர்த்துக் குடுக்காதீங்க. சுக்ரால்ஃபேட் புண்ணு மேல பசை மாதிரி ஒட்டி மூடும், அதே வேகத்துல பக்கத்துல இருக்கிற மருந்தையும் பிடிச்சு வச்சுக்கும், தைராய்டு மாத்திரை உடம்புல சேராது. எழுந்ததும் தைராய்டு மாத்திரை, சிரப்போட காலை வேளையை அதுலேருந்து நாலு மணி நேரம் தள்ளி வைங்க, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வர்ற மாதிரி. மலச்சிக்கல் ஆகலாம், தண்ணி நல்லா குடிக்கச் சொல்லுங்க. கிட்னி பிரச்சனை இருந்தா அதுல அலுமினியம் இருக்கிறதால டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கோப் போறப்ப தைராய்டுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் பாத்துடுங்க.